எவரிஸ்டோவின் கிட்டார் வார்

வுசக்கிலே, கிட்வே
9 பிப்ரவரி 1997

அன்புள்ள பிரிஸ்கா அக்காவுக்கு,

உன் தம்பி போனிஃபேஸ் எழுதுகிறேன். ஒரு பல் போயிற்று, மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. நீயும் லுக்கோண்டேயும் கபரோனேயில் சுகம்தானே? ஆஸ்பத்திரியில் இன்னும் உன்னைக் கண்டால் டாக்டர்கள் வழிவிட்டு ஒதுங்குகிறார்களா?

விஷயத்துக்கு வருகிறேன். நாற்பத்து நாலு வயதில் உன் தம்பி ஒரு கேசட் போடப் போகிறான். சிரிக்காதே. சிகாஸ்வேயை உனக்கு நினைவிருக்கும், எங்கள் பாண்டுக்கு ஆம்ப்ளிஃபையர் தூக்கியவன். இப்போது புச்சியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்து, தேவாலயப் பாட்டுகளாகப் பதிவு செய்து தள்ளுகிறான். போன மாதம் சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டான். "போனி, எழுபத்து நாலுல இந்த ஊர்ல ராக் வாசிச்சவனுங்க எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டானுங்க. மிச்சம் நீ ஒருத்தன். உன் பாட்டு எவனுக்கு வேணும்? அவனுங்க பாட்டை வாசி" என்றான். முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் அவன் சொன்னது சரி. ஊரே ஆடிய எட்டுப் பாட்டு எடுத்திருக்கிறேன். ஒன்றுகூட என்னுடையதில்லை.

ஒரு முடிவு செய்திருக்கிறேன். ஒவ்வொரு பாட்டையும் அதைப் போட்டவனின் சாமானைக் கொண்டே வாசிக்க வேண்டும். அந்தச் சத்தம் வேறெதிலும் வராது. நேற்று டாமியானோ வீட்டுக்குப் போய் அவன் கிட்டாரைக் கேட்டேன். அவன் செத்ததிலிருந்து பன்னிரண்டு வருடமாகக் கூரைக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மாமா அதை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார், குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். வீட்டில் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பழைய ஆட்களுக்கு இன்னும் என் மேல் மரியாதை இருக்கிறது.

எட்டாவது பாட்டு எது என்று நீயே ஊகித்திருப்பாய். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

லுக்கோண்டேக்கு மாமாவின் முத்தம். உன் பதிலுக்குத் தபால்காரனை மிரட்டிக்கொண்டிருக்கும்,
போனி

கபரோனே
2 மார்ச் 1997

தம்பி போனிஃபேஸுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். எனக்கு ரத்த அழுத்தம், அதற்கு மாத்திரை. லுக்கோண்டேக்குப் பதினாலு வயது, அதற்கு மாத்திரை இல்லை. போன பல் எந்தப் பல்? பிடுங்கியவன் டாக்டரா, இல்லை உன் கூட்டாளி யாராவதா?

நீ மறுபடி கிட்டார் தொடுவது எனக்குச் சந்தோஷம். சும்மா இருந்தால் நீ குடிப்பாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், யோசித்துச் சொல். டாமியானோ வீட்டில் தண்ணீரை நீ கேட்டாயா, அவர்களாகக் கொடுத்தார்களா? கொடுக்கும்போது அந்த மாமா வாய் திறந்து ஏதாவது சொன்னாரா?

எட்டாவது பாட்டு எது என்று நான் ஊகிக்கவில்லை. ஊகிக்கவும் விருப்பமில்லை.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே.
அக்கா பிரிஸ்கா

வுசக்கிலே, கிட்வே
20 மார்ச் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் ரத்த அழுத்தம் இறங்கவும் லுக்கோண்டேயின் வாய் குறையவும் வேண்டிக்கொள்கிறேன்.

டாமியானோவின் பாட்டு பதிவாகிவிட்டது. ஒரே வாசிப்பில். நான் ஒரு பாட்டை ஒரே வாசிப்பில் முடித்ததாக உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. சிகாஸ்வே காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நடுவுல அந்த இடத்துல ஒரு தப்பு பண்ணியே, அது அவன் பண்ற தப்பு" என்றான். நான் அந்தத் தப்பைப் பயிற்சி செய்யவில்லை, அக்கா. அதுவாக வந்தது.

போன வாரம் ஒரு வேடிக்கை. டாமியானோவின் மகள் அகதாவுக்குக் கல்யாணம். பெண் என் வீடு தேடி வந்து மண்டியிட்டு, "அப்பா, நீங்க வாழ்த்தினாத்தான் நான் புறப்படுவேன்" என்றாள். அழுகிற பெண்ணிடம் என்ன சொல்ல? தலையில் கை வைத்து வாழ்த்தினேன். அவள் சின்ன வயதில் காதில் பூச்சி புகுந்து கத்திய கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அந்தக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அவள் போன பிறகு நானே கொஞ்ச நேரம் யோசித்தேன்.

அடுத்து அலெக்ஸியஸ் பாட்டு. அவன் பேஸ் கிட்டாரும் கைக்கு வந்துவிட்டது. இடது கைக்காரன் சாமான், எனக்குத் தலைகீழ். ஆனாலும் இரண்டே நாளில் பிடி கிடைத்துவிட்டது. தண்ணீரா? எல்லார் வீட்டிலும் கொடுக்கிறார்கள். விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பது குற்றமா?

அன்புடன்,
போனி

கபரோனே
8 ஏப்ரல் 1997

போனிஃபேஸ்,

நாங்கள் சுகம். இதைச் சத்தம் போட்டுப் படி, அப்போதுதான் உன் மண்டையில் ஏறும்.

உன் கையெழுத்து இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. முதல் பக்கத்தில் கொஞ்சம், கடைசிப் பக்கத்தில் முழுசாக. நீ பேனாவை எந்தக் கையில் பிடித்து எழுதினாய்?

நம் ஜனங்களில் செத்தவன் இடம் காலியாகக் கிடக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியாதா? அவன் தாய்வழி ஆள் ஒருவன் அவன் கைப்பொருளை வாங்கி, ஒரு குவளைத் தண்ணீர் குடித்து, அவன் பெயரோடு எழுந்திருக்க வேண்டும். அன்று முதல் அவன்தான் இவன். அவன் பிள்ளைக்கு அப்பன், அவன் பெண்டாட்டிக்குப் புருஷன். உன் கூட்டாளிகள் என்ன நோயில் செத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயத்தில் அக்கா தங்கை பெற்ற எந்த மருமகனும் அவர்கள் சாமானைத் தொட முன்வரவில்லை. இத்தனை வருடம் கழித்து நீ போய் வாசலில் நின்று கை நீட்டினாய். நீ சத்தத்துக்காக வாங்கினாய், அவர்கள் அதற்காகக் கொடுக்கவில்லை.

நான் நர்ஸ். பேய் பிசாசு என்று உளறுகிறவள் இல்லை. ஆனால் பயமாக இருக்கிறது, அதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எட்டாவது பாட்டு எவரிஸ்டோவின் பாட்டு. சரி, நானே எழுதிவிட்டேன். என்னைக் கட்டியவன், எனக்காகப் போட்ட பாட்டு. டாமியானோ சாமானை வாங்கினால் நீ அகதாவுக்கு அப்பன் ஆகிறாய், சிரித்துக்கொள். எவரிஸ்டோ சாமானை வாங்கினால் நீ எனக்கு என்ன ஆவாய்? எனக்கு அப்பா அம்மா இல்லை, வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை. இருப்பது ஒரு தம்பி. அவனை நான் இழக்க மாட்டேன்.

சாப்பிடு, தூங்கு, பதில் எழுது.
அக்கா

வுசக்கிலே, கிட்வே
25 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பேனா சரியில்லை, வேறு பேனாவில் எழுதுகிறேன். பார், நேராகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாக வரைய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆறு பாட்டு முடிந்தது. சிகாஸ்வே இப்போது என்னை ஒவ்வொரு நாளும் "இன்னைக்கு வந்திருக்கறது யாரு?" என்று கேட்டுத்தான் கதவைத் திறக்கிறான். பாட்டைக் கேட்டால் நீயும் சிரிப்பை நிறுத்திவிடுவாய். நான் என் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. எனக்கும் ஒரு பேர் வேண்டாமா? இருபது வருடமாகக் கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு நடுவே வாசித்தவன் நான்.

அத்தான் பாட்டு இல்லாமல் இந்த கேசட் இல்லை. 'ரயிலேறிப் போனவள்' பாட்டை விட்டுவிட்டு கேசட்டை இந்த ஊரில் எவனிடம் காட்டுவது? இன்றைக்கும் பஸ் டிரைவர்கள் சீட்டியடிக்கிறார்கள்.

நேற்றுச் சந்தையில் அத்தானின் அக்கா ஜஸ்டினாம்மாவைப் பார்த்தேன். கம்பளிப்பூச்சி வற்றல் வாங்கிக்கொண்டிருந்தார். "உங்க அக்கா எப்ப வருவா?" என்று மட்டும் கேட்டார். எட்டு வருடமாக அதே கேள்விதான்.

நானும் உன்னைக் கேட்டதில்லை. அத்தான் போனபோது நான் எல்லை தாண்டி லூபும்பாஷியில் ஹோட்டல் பாண்டில் இருந்தேன், தகவல் தெரிந்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நீ ஏன் வரவில்லை அக்கா? அடக்கத்துக்கும் வரவில்லை, பிறகு விதவையின் மணிக்கட்டில் வெள்ளைப் பாசிமணி கட்டி, செத்தவனிடமிருந்து அவளை விடுவிக்கிற சடங்குக்கும் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. பாட்டை வாசிக்கப் போகிறவன் என்பதால் கேட்கிறேன்.

தம்பி போனி

கபரோனே
11 மே 1997

தம்பிக்கு,

நாங்கள் சுகம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, லுக்கோண்டேக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. புது வேலை, புது ஊர், கைக்குழந்தை இல்லை என்றாலும் சின்னப் பிள்ளை. அவ்வளவுதான்.

பாட்டை வாசிக்காமல் உன்னால் இருக்க முடியாது என்று புரிகிறது. சரி, வாசி. உன் கிட்டாரில், உன் சொந்த வாரை மாட்டிக்கொண்டு வாசி. ஜஸ்டினா வீட்டுப் பக்கம் போகாதே. அங்கே உன் அத்தானின் கிட்டார் வார் ஆணியில் தொங்குகிறது என்று கேள்வி. தொடாதே. யார் கொடுத்தாலும் அங்கே தண்ணீர் குடிக்காதே. அம்மா பேரில் சத்தியம் செய்து எழுது.

அக்கா பிரிஸ்கா

வுசக்கிலே, கிட்வே
30 ஜூன் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் சுகம் என்று நினைக்கிறேன். ஸ்வெட்டர் முடிந்ததா?

அம்மா பேரில் சத்தியமாக முதலில் என் கிட்டாரில்தான் வாசித்தேன். நான்கு நாள். வாசித்தது பாட்டாகவே இல்லை. சிகாஸ்வே "கல்யாண வீட்டுக்காரன் திரும்பி வந்துட்டான்" என்றான். அது எனக்கு உறைத்துவிட்டது, அக்கா. மற்ற ஏழு பாட்டையும் கேட்டுவிட்டு இதைக் கேட்டால், அந்த ஏழையும் வாசித்தது நானில்லை என்று குழந்தைக்கும் தெரியும்.

ஜஸ்டினாம்மா வீட்டுக்குப் போனேன். பாட்டைப் பதிவு செய்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரத்தான் போனேன். பட்டப்பகலில், வாசலில்தான் நின்றேன். உள்ளே கூப்பிட்டார்கள். அவர் தங்கச்சி மகன் பெர்னாட் இருந்தான். உன் சடங்கில் அத்தான் இடத்தில் உன் பக்கத்தில் உட்கார வைக்க இருந்தார்களே, அவனேதான். இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. "ஒரு தடவை வாசிச்சுக் காட்டுப்பா" என்றார் ஜஸ்டினாம்மா. நான் கையோடு கொண்டுபோயிருந்த என் கிட்டாருக்குக் குனிந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து வாரை என் கழுத்தில் போட்டுவிட்டார். நான் கேட்கவில்லை. அந்தச் சிவப்புத் தோல் வார், நீ உள்பக்கத்தில் பூத்தையல் போட்டுக் கொடுத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பாட்டுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன், ஆனால் நான் இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை.

தாகமாக இருந்தது. ஜூன் மாதக் குளிரில் அப்படி ஒரு தாகம் எனக்கு வந்ததே இல்லை. ஒரு வாய்தான் குடித்தேன்.

போனி

கபரோனே
14 ஜூலை 1997

போனிஃபேஸ்,

இதைக் கையில் வாங்கிய உடனே வாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஜஸ்டினா வீட்டுக்குப் போ. தெரியாமல் வாங்கினேன், நான் உங்கள் வம்சம் இல்லை, எனக்கு இதில் உரிமை இல்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல். பெர்னாட் கையில் கொடு. பாட்டைப் பதிவு செய்யாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்னை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீர் சுமந்தவள் நான். அம்மா சுரங்கத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்குக் கஞ்சி ஊட்டியவள். என்னை நீ அக்கா என்று கூப்பிடாத ஒரு நாள் வந்தால் எனக்கு இந்த உலகத்தில் யாருமில்லை.

ஒரு வரி எழுது. நலம் என்று மட்டும் எழுது, போதும்.
அக்கா

கபரோனே
20 ஆகஸ்ட் 1997

தம்பிக்கு,

ஐந்து வாரமாகிறது. நீ நலம்தானே? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து சிகாஸ்வேக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்கான் சிஸ்டர், மெலிஞ்சிருக்கான், ஆனா நல்லா இருக்கான். பாட்டு முடிஞ்சுது. என்னமா பாடினான் தெரியுமா?" என்றான். பாடினானா என்று கேட்டேன்.  "ஆமா, அதான். போனிக்கு எப்பலேர்ந்து பாட வரும்?" என்று என்னையே கேட்டான். கோயிலில் உன்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்கள், அது எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும்.

லுக்கோண்டேயின் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. கிட்வே தபால் முத்திரை. உள்ளே "என் குட்டிக் கோழிக்கு, அப்பா" என்று இருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, இதை மாமா விளையாட்டுக்கு எழுதினாரா? இந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கல" என்றாள். அவளை அந்தப் பெயர் சொல்லி ஒரே ஒருவர்தான் கூப்பிடுவார், அதுவும் வீட்டுக்குள் மட்டும்.

போனி, எங்கேடா இருக்கிறாய்?
அக்கா

வுசக்கிலே, கிட்வே
3 செப்டம்பர் 1997

லுக்கோண்டே அம்மாவுக்கு,

நானும் இருக்கிறேன். நீயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்கள் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அட்டை வந்து சேர்ந்ததா? பிள்ளை உயரமாகிவிட்டதாமே.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. எனக்கு எப்போதும் உன்மேல் கோபம் நிற்காது, உனக்கே தெரியும். போனி நல்ல பையன். விரல்தான் கொஞ்சம் குட்டை, மேல் கம்பிகளுக்கு எட்ட நேரமாயிற்று. இப்போது பழகிவிட்டது. ஊரில் எல்லாரும் செப்டம்பர் வெயில் என்று விசிறிக்கொள்கிறார்கள், எனக்கு இரண்டு போர்வை போட்டும் குளிர் விடவில்லை.

நான் உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். முதலாவது எண்பத்தொன்பது ஜூலையில், வாயில் புண் வந்தபோது. இரண்டாவதில் ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று கேட்டேன். மூன்றாவதை எழுதும்போது கையில் பேனா நிற்கவில்லை, ஜஸ்டினாதான் உறையில் முகவரி எழுதினாள். அந்தக் கடிதங்களைப் பற்றி அவளையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. போனிக்கும் தெரியாது.

தபால் தொலைந்துவிட்டது என்று ஜஸ்டினா சொல்லிக்கொண்டே இருந்தாள், நானும் சரி சரி என்றேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். உன் கைக்கு அவை வந்தனவா?

எ.

கபரோனே
15 செப்டம்பர் 1997

லுக்கோண்டே அப்பாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் தம்பியின் உடம்பு நலமாக இருக்க வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

வந்தன. மூன்றும் வந்தன. மூன்றையும் படித்தேன்.

வாயில் புண் என்று எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நோய்க்காரர்கள் வார்டில்தான் எனக்கு வேலை. உங்களைப் போல மெலிந்து கிடந்தவர்களைத் தினமும் துடைத்து, புரட்டி, ஊட்டிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாதவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு செத்தார்கள். நீங்கள் வா என்று எழுதியபோது வரவில்லை. விடுப்பு கேட்கவே இல்லை நான். வந்தால் உங்களைத் தொட வேண்டும், தொட்டால் எனக்கும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பிறகு ரத்தம் சோதித்துப் பார்த்தேன். எனக்கு இல்லை. அது தெரிந்தபோது நீங்கள் போய் ஒரு மாதமாகியிருந்தது. எந்த முகத்தோடு வந்து உட்காருவேன்? பெர்னாட்டை உங்கள் இடத்தில் என் பக்கத்தில் உட்கார வைப்பார்கள் என்று பயந்தேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். அது பொய்.

உங்களை நான் நேசித்தேன். அதுவும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருந்தன என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை பஸ் ஏறுகிறேன். கசுங்குலாவில் எல்லை ஆற்றுப் படகு தாமதமானாலும் சனிக்கிழமை வந்துவிடுவேன். ஜஸ்டினா மணி கட்டட்டும். இப்போதெல்லாம் மணி மட்டும் போதும் என்கிறார்கள், வேறு எது கேட்டாலும் செய்கிறேன். பெர்னாட் வாரை வாங்கிக்கொள்ளட்டும், உங்கள் மருமகன் உங்கள் பெயரைச் சுமக்கட்டும். நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் என் தம்பியை விட்டுவிடுங்கள். அவன் சத்தத்துக்காக வாங்கியவன், ஒன்றும் அறியாதவன். அவன்தான் எனக்கு மிச்சம்.

பிரிஸ்கா

வுசக்கிலே, கிட்வே
12 அக்டோபர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் லுக்கோண்டேயும் நலம்தானே? உடம்பு இன்னும் பலவீனமாக இருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. கிளினிக்கில் மலேரியா, மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஜூனில் ஜஸ்டினாம்மா வீட்டுக்குப் போய்வந்து உனக்குக் கடிதம் எழுதியதுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் போன செவ்வாய்க்கிழமை, என் கட்டிலில், முகத்தில் வெயில்.

கேசட் வெளிவந்துவிட்டது. சிகாஸ்வே கொண்டு வந்து போட்டுக் காட்டினான். எட்டாவது பாட்டைக் கேட்டேன். பாடுவது யார் என்று கேட்டதற்கு அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி அடிக்கிற அட்டையில் அந்தப் பாட்டுக்கு என் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்ற ஏழுக்கும்கூடப் போடலாமா என்று தெரியவில்லை. எட்டாவது பாட்டுக்காகவே கடையில் கேசட்டைக் கேட்டு வாங்குகிறார்களாம், பஸ்ஸிலெல்லாம் அதுதானாம். எனக்கு அதில் சந்தோஷம் வர மாட்டேன் என்கிறது. கிட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பழைய போனிதான், கல்யாண வீட்டுக்காரன்.

நான் எழுத வந்தது அதுவல்ல.

ஜஸ்டினாம்மா கஞ்சி கொண்டு வந்தபோது எல்லாம் சொன்னார். நீ சனிக்கிழமை வந்தாயாம். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்து, வெந்நீர் போடச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை துடைத்துவிட்டாயாம். யாரையும் உதவிக்கு விடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தீர்கள், நீ அழுதாய், பிறகு இரண்டு பேரும் சிரித்தீர்கள், உன்னை அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருடமாயிற்று என்றார். நானும் உனக்கு நிலக்கடலை அரைத்துப் போட்ட கீரை ஊட்டிவிட்டேனாம். திங்கள் காலையில் உன் மணிக்கட்டில் வெள்ளை மணி கட்டினார்கள், பெர்னாட் வாரை வாங்கித் தண்ணீர் குடித்தான், நான் அப்படியே படுத்துத் தூங்கிவிட்டேனாம். நீ என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மத்தியான பஸ்ஸில் போய்விட்டாயாம். எழுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், பார்க்க வேண்டியவரைப் பார்த்துட்டேன்" என்றாயாம்.

எட்டு வருடமாகிறது நான் உன் முகத்தைப் பார்த்து. என் வீட்டுக்குள் மூன்று நாள் இருந்திருக்கிறாய். இன்னும் ஒரு ராத்திரி இருந்திருந்தால் நான் கண் விழித்திருப்பேன். உனக்கு என்னைப் பார்க்கத் தோன்றவில்லையா அக்கா?

உன் தம்பி,
போனிஃபேஸ்